மில்லி அக்காவும் இரண்டு சைக்கிள்களும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கும் அந்த அம்மாளை எல்லோரும் ‘மில்லி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வில்லையைத் திரும்ப இயந்திரத்தில் வைத்துவிடுவாள். கடைக்காரரே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டாள். வாழ்நாளில் ஒரு தடவைகூட சைக்கிள் ஓட்டியவள் இல்லை. அப்படிப்பட்டவள் தலையில்தான் வீட்டிலிருந்த இரண்டு சைக்கிள்களும் வந்து விடிந்தன.

மகள் பந்தய சைக்கிள்காரி. வீட்டுக்குள்ளேயே மிதித்துப் பழக ஒரு ட்ரெய்னர் வைத்திருந்தாள். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இந்த இயந்திரத்தைப் பொருத்த வேண்டும். சங்கிலி இயந்திரத்தின் பல்சக்கரங்களில் ஓடும். கணவர் பஸ் டிரைவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் அரைமணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும், அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்தபடி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரத்தில் டிப்போவில் உடல்தகுதிப் பரிசோதனை. தேறினால் ஸ்டியரிங். தேறாவிட்டால் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மகளின் சைக்கிளில் அவர் குனிந்தால் தையல் இழுத்தது. அவருடைய பழைய சைக்கிளை மாட்டலாம் என்றால், அதற்குப் பின்னால் எட்டுப் பல்சக்கரம், மகளுடையதற்குப் பதினொன்று. பதினொன்றும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அவருடைய தடித்த சங்கிலி பக்கத்துப் பல்லில் உரசும். ஆளுக்கொரு ட்ரெய்னர் வைக்க அந்த வீட்டில் இடம் ஏது?

“இவ்வளவுதானா சங்கதி?” என்று மில்லி அக்கா தரையில் உட்கார்ந்தாள். எட்டுச் சக்கர அடுக்கு ஒன்றை வரவழைத்தாள். அது ஆடாமல் உட்கார, பின்னால் ஒரு மெல்லிய வளையம் போட வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். அதன்பிறகு காலையில் கணவருக்கு எட்டுச் சக்கரம், மாலையில் மகளுக்குப் பதினொன்று. கனமான எதையும் கணவர் தூக்கக் கூடாது என்பதால் சைக்கிளை ஏற்றி இறக்குவதும் அவள்தான். அடுக்கை மாற்ற நாலே நிமிஷம். சைக்கிள் கடைக்காரர்களே இதற்கு எவ்வளவு நேரம் பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் மகளுக்கு அணித் தேர்வு நெருங்கியது. காலையிலும் அவள் மிதிக்க ஆரம்பித்தாள். மகள் இறங்குவது ஏழரைக்கு, அம்மா கிளம்புவது ஏழே முக்காலுக்கு. ஒருநாள் மில்லி அக்கா அடுக்கை மாற்றாமல், பதினொன்றின் நடுச்சக்கரத்திலேயே கணவரின் சங்கிலியை மாட்டி, மிதிகட்டையைக் கையால் சுற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. சரி, ஓடுகிறதே என்று கிளம்பிவிட்டாள். மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. கை சுற்றுவதும் கால் அழுத்துவதும் ஒன்றல்ல என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அரை மில்லிக்கு மல்லுக்கு நிற்பவள் அங்கே கோட்டை விட்டாள்.

கணவர் பத்து மணிக்கு, யாரும் இல்லாத வீட்டில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மிதிப்பவர். குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, ட்ரெய்னரின் கணக்கை ஃபோனில் பார்த்த மகள்தான் கேட்டாள். அரைமணி நேரம் பதினொரு நிமிஷமாகி, ஒன்பதாகி, ஆறில் வந்து நின்றிருந்தது. போரடிக்கிறது என்று மழுப்பினார். அன்று மாலை மில்லி அக்கா துணி துவைக்கப் போட்டபோது அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் அகப்பட்டது. டிக்கெட் ஜன்னல் வேலையே போதும் என்று டிப்போவுக்கு எழுதியிருந்தார்.

“என்னங்க இது?”

அவர் நிமிரவில்லை. “கொஞ்சம் அழுத்தி மிதிச்சா நெஞ்சு ஒரு குதி குதிக்குது. உள்ள தூக்கிப் போடுது. பஸ்ஸுல நாப்பது பேர் இருப்பாங்க. ஸ்டியரிங் எனக்கு வேணாம்.”

 அவள் அப்போதே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மெதுவாக மிதிக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டர். அவள் முகம் தெளிந்தது, அவருடையது தெளியவில்லை. மிதிக்கும்போதுதானே வருகிறது, நடக்கும்போது எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் புலம்பினார்.

மறுநாள் லீவு போட்டாள். அவரை ஏற்றி உட்காரவைத்து, காதிலிருந்த பாட்டைப் பிடுங்கிவிட்டு, மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது நிமிஷம் அவர் முகம் வெளுத்தது. “வந்துச்சு” என்றார்.

அவள் விரலுக்கடியில் நாடி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கீழே, ட்ரெய்னரில், ‘டக்’ என்று ஒரு சத்தம். “மறுபடியும்” என்றார். மறுபடியும் டக். நாடி அசையவில்லை. அவள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். பதினொன்று.

“நிறுத்துங்க. இது உங்க நெஞ்சு இல்ல. சங்கிலி பல்லு தாவுது, அதுல மிதிகட்டை குதிச்சு உடம்பத் தூக்கிப் போடுது. நான்தான் சக்கரத்த மாத்தாம விட்டேன், ஒரு வாரமா.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஏழு நாள் இந்த மனிதர் தனியாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாரே என்றுதான் அழுகை.

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஹேண்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார். “நல்லாத் தெரியுமா? உன் தப்புதானா?”

“என் தப்புதாங்க.”

“அப்பாடா” என்று சிரிக்க ஆரம்பித்தவர், தையல் வலிக்கும்வரை சிரித்தார்.

அடுக்கை மாற்றினாள். அன்று பதினைந்து நிமிஷம், வாரக் கடைசியில் முப்பது. அதன்பிறகு எவ்வளவு அவசரமானாலும் ஒருநாள்கூட அவள் விட்டதில்லை. மகளும் வேலையைக் கற்றுக்கொண்டு பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டாள்.

பரிசோதனை நாளில் டிப்போ டாக்டர் கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தார். நெஞ்சு படபடப்பு, துடிப்பு தப்புவது மாதிரி ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

“இருந்துச்சு டாக்டர். எங்க வீட்டம்மா ஸ்பேனர் போட்டுக் கழட்டிட்டாங்க.”

டாக்டரின் பேனா நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில்லி அக்கா, தன் தப்பில் ஒரு துளி குறைக்காமல், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ‘டிரைவர்’ என்ற கட்டத்துக்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டது.