கழுவினால் எடை குறையும்

நகை கழுவும் தொழிலில் யாரும் நம்மிடம் அழுக்கைத் தந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. எல்லோரும் தங்கத்தைத்தான் தந்தார்கள். துணி வெளுப்பவர்களுக்கும் கடிகாரம் பழுது பார்ப்பவர்களுக்கும் இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஐந்து வருடம், உதியன்குளங்கரையில் ஞானதாஸ் அண்ணனின் நகைக்கடையில் கழுவும் மேசை என்னுடையது. பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற ஒரு பிரஷ், ஒற்றி எடுக்கப் பருத்தித் துணி. வேறொன்றும் வேண்டாம். கைவேலை நகையின் இடுக்குகளில் மாவு, சந்தனம், பவுடர், வியர்வை உப்பு எல்லாம் அடைந்திருக்கும். கழுவினால் அவை போகும். அவை போனால் எடை சற்றுக் குறையும்.

இது சிறு பிள்ளைக்கும் விளங்கும். முதல் வருடமே ஒரு வீட்டாருக்கு விளங்கவில்லை. வீடு வீடாக வந்து நகையை ஆசிட்டில் முக்கி, தங்கத்தைக் கரைத்துக்கொண்டு போகும் ஆட்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். கடை நடுவில் என் முந்தானையை உதறச் சொன்னார்கள். உதறினேன். ஒன்றும் விழவில்லை. அண்ணன் அவர்கள் முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "இன்னொரு ஆள் இப்பிடி வந்து கேட்டா, பின்ன நீ வேலைக்கு வரண்டாம் பிள்ளே."

அன்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஜோடி நகை வந்தால் ஒன்றை மட்டும் முதலில் கழுவுவேன். உடையவர் வந்து பார்க்கும் வரை மற்றதைத் தொடமாட்டேன்.

ரப்பர் ஆசிட்

ஆரியங்கோட்டில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிரித்தேன். மனைவியின் கம்மல். பூ வடிவத்தில், இதழுக்கு ஒரு முத்து வைத்துக் கையால் செய்த அருமையான வேலை. தங்கம் பளபளத்தது. முத்துகள்தான் பாதி கரைந்த சுண்ணாம்புக் கட்டிபோல் சொரசொரப்பாக இருந்தன. ஷீட் அடிக்கும்போது ரப்பர் பாலில் ஊற்றுகிற ஆசிட்டில் இரவு முழுவதும் ஊறப் போட்டாராம்.

முத்தை ஆசிட் தின்றுவிடும், ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் ஏதோ செய்து முத்தைத் திரும்ப வரவைப்பேன் என்று வந்தவர், பாடம் கேட்கத் தயாராக இல்லை. "பாலையே கட்டியாக்குத ஆசிட்டாக்கும் இது. அது முத்தைக் கரைக்கும்ணு எனக்கிட்ட சொல்லுதியா?"

கொதித்த மாலை

பச்சைக்கல் வைத்த பாலக்கா மாலை ஒன்று வந்தது. மகளின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கிறது, கொதிக்கும் தண்ணீரில் போட்டு உடனே எடுத்துத் தா என்றார் தாயார். இந்த வகை மாலையில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும், சூடு பட்டால் உருகிக் கல் கழன்றுவிடும், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மாலையைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பானையோடு வந்தார். சும்மா சொல்லவில்லை, கஞ்சி வைக்கும் அலுமினியப் பானை. அடியில் உருகி உறைந்த அரக்கு, அதில் புதைந்த பச்சைக் கற்கள், மேலே காலிக் கூடாக மாலை. இரண்டு நாள் ஒவ்வொரு கல்லாக எடுத்து, துடைத்து, கல் பதிக்கும் ஆசாரியிடம் நானே கொண்டுபோனேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே அந்த மாலை அவர் கையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூடு ஆகாதுண்ணு நீ அண்ணைக்கே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கப்பிடாதா மக்கா?"

கழுத்தோடு கழுவியது

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு இளம்பெண்ணை மாமியார் கூட்டி வந்தார். தாலி கறுத்துவிட்டது. ஆனால் கழற்றக் கூடாது. அதுவரை ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாலியைத் தரலாமே என்றேன். அதுவும் ஆகாது. சரி, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் அந்தப் பெண் கழுத்தைத் தாழ்த்தி உட்கார்ந்தாள். நான் தரையில் மண்டியிட்டுத் தேய்த்தேன். நுரை அவள் ஜாக்கெட்டுக்குள் வழிந்தது. கடைக்கு வந்த ஆண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நடுவில் அவள் கழுத்து நடுங்குவதைப் பார்த்து, கொஞ்சம் நிமிர்ந்து இருக்கட்டுமே என்றேன். மாமியார் நாற்காலியிலிருந்து எழும்பாமலே சொன்னார்: "அவளுக்கு ஒண்ணும் ஆகாது, நீ தாலியைப் பாத்துத் தேயி."

டீச்சரின் வளையல்

ஐந்தாம் வருடம் சரோஜம் டீச்சர் ஒரு ஜோடி சித்திரவேலை வளையல் தந்தார். கொடிகளுக்கு நடுவே பறவைகள் செதுக்கியது. ஒவ்வொரு பறவையின் வயிற்றிலும் பல வருடத்துத் தோசை மாவு. என் சட்டப்படி ஒன்றை மட்டும் கழுவி வைத்தேன். சாயங்காலம் வந்தவர் கண்ணாடிப் பெட்டித் தராசில் அதை நிறுக்கச் சொன்னார். தந்தபோது எழுதி வைத்த எடையைவிட இருநூறு மில்லிகிராம் குறைவு.

"எனக்க வளையலைச் சுரண்டியாச்சு!" அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட உள்ளே வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து வருடத்துக் கோபம் மொத்தமாக வந்தது. ஆனால் நான் சத்தம் போடவில்லை. கழுவாத வளையலை எல்லோர் முன்னாலும் தராசில் வைத்தேன். எடையை அண்ணனையே வாசிக்கச் சொன்னேன். பாத்திரத்தையும் பிரஷையும் டீச்சர் முன் வைத்தேன். "டீச்சரே, இதை நீங்களே கழுவுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் நிக்கேன்."

அவர் கழுவினார். முழங்கை வரை நுரை. துடைத்தார். தானே தராசில் வைத்தார். இதுவும் இருநூறு மில்லி குறைவு. கடையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் தன் ஈரக் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தது என் தவறு. "அப்ப நானும் கள்ளியாக்கும்ணு சொல்ல வாறியா?"

அண்ணனின் யோசனை

கூட்டம் போன பிறகு அண்ணன் வெகுநேரம் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தை ஒன்று வருகிறது என்று காத்திருந்தேன். அன்று அவ்வளவு போதுமாயிருந்தது எனக்கு.

அவர் முகம் மலர்ந்தது. "கொள்ளாமே பிள்ளே! இனி எல்லாரும் அவியளே கழுவட்டு, பின்ன ஒருத்தரும் நம்மள ஒண்ணும் சொல்ல ஒக்காதே. நாளைக்கு முதல் நீ என்னத்துக்கு வரணும்?"

அந்தக் கடையில் நான் கடைசியாகக் கழுவியது என் பெயரை. கழுவினால் கொஞ்சம் குறையும் என்று ஐந்து வருடம் நான் எல்லோரிடமும் சொன்னது சரிதான், அழுக்கோடு என் வேலையும் போய்விட்டது.