சகலை முன்னால் இறங்கினார்

அரியலூருக்கு வெளியே, கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் மழைநீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கிறது. அதன் விளிம்பில், முக்குளிப்பதற்கான காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டி நின்ற என் சகலை இறங்குமுன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பெரம்பலூரில் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தமான் சுற்றுலாவில் ஒரே ஒருமுறை கடலுக்குள் போயிருக்கிறேன். போனேன் என்பதுகூடச் சரியில்லை. பயிற்சியாளர் பின்னாலிருந்து என் சிலிண்டரைப் பிடித்து மூட்டையைப் போலக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். மிதப்பதற்கான சட்டையில் காற்றை ஏற்றியதும் இறக்கியதும் அவர்தான். ஊரில் நான் சொன்ன கதையில் அந்தக் கை இல்லை. ஒருமுறை என்பதும் பலமுறையானது.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். வளைகுடாத் துறைமுகத்தில் சில வருடம் இருந்துவிட்டு வந்து இரும்புக்கடை வைத்தவர். அவரும் விடமாட்டார். விசேஷ வீடுகளில் பந்தி முடிந்ததும் ஆரம்பிப்போம். நான் சுறாவைப் பார்த்திருந்தால் அவர் அதைவிடப் பெரிய சுறாவைத் தொட்டிருப்பார். “புரொபசர் பாத்தது அதோட குட்டிங்க” என்பார்.

இதையெல்லாம் நம்பிய அவருடைய மருமகன், மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் புதுச்சேரியிலிருந்து முக்குளிக்கும் சாமான் இரண்டு செட் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார். “ரெண்டு பேரும் பழம் தின்னு கொட்டை போட்டவங்கன்னு நான் சொன்னப்புறம்தான் குடுத்தாங்க” என்றார்.

சுரங்கத்தின் ஓரத்தில் இருவரும் சாமான்களை மாட்டிக்கொண்டு நின்றோம். “நீங்க பெரியவரு, முன்னாடி போங்க” என்றார் சகலை. “உங்களுக்காக வந்த சாமான், நீங்கதான் சகலை எறங்கணும்” என்றேன். மரியாதையைச் சொல்லியே ஒருவரையொருவர் தண்ணீருக்குத் தள்ளினோம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

அவர் இறங்கினார். நான் இடுப்பளவு நீரில் பாறையைப் பிடித்தபடி நின்றேன். முதலில் விட்டுவிட்டு வந்த குமிழிகள் கொத்துக்கொத்தாக வரத் தொடங்கின. பதறி மூச்சு வாங்குகிறார் என்று எனக்கே புரிந்தது. “பெரிய மாமா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று மருமகன் மேலிருந்து கேட்டார். “அவருக்குப் பழக்கம் மாப்ளே, பயப்படாதீங்க” என்றேன்.

சற்று நேரத்தில் யாரோ தூக்கி எறிந்ததுபோல் அவர் மேலே வந்தார். வாயில் ரத்தம். மருமகன் பாறையைச் சுற்றி இறங்கி வருவதற்குள் அவர் தானாகவே என் பக்கத்தில் ஒதுங்கியிருந்தார். மூச்சை அடக்கியபடியே மேலேறியதில் உள்ளிருந்த காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிட்டதாகத் திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று அடுத்த அறைக்கு நடந்தாலும் உட்கார்ந்துதான் பேச முடிகிறது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் உற்சாகமாக இருந்தார். “ஃபிரண்ட்ஸ் வராங்க. மறுபடி செட் எடுக்கறேன். அன்னிக்கு மாமாவை இழுத்துப்போட்ட நீங்க கூட இருந்தா போதும்” என்றார். அப்படி ஒரு பேச்சு குடும்பத்தில் உலவுவதும் நான் அதை மறுக்காததும் உண்மை.

“வேணாம் மாப்ளே. நான் யாரையும் இழுக்கல. கரையோரம் நின்னேன். வாழ்க்கையில ஒரே தடவதான் உள்ள போனேன், அதுவும் இன்னொருத்தர் புடிச்சுக்கிட்டுப் போனது” என்றேன்.

சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

“எனக்கு அதுகூட இல்லீங்க. கப்பல் மேல நின்னு வேடிக்கை பாத்தவன். நீங்க பின்னாடி இருக்கீங்கன்னுதான் எறங்கினேன்.”