அம்மா ஓட வைக்கப் பார்த்த படம்

திரையில் குண்டு வெடிக்கும்போது கந்தக வாசம் எங்கள் பக்கமிருந்துதான் வரும். திருத்தங்கல் ஓரத்தில் கிடந்த டூரிங் டாக்கீஸுக்கு முதல் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வேலை விட்டதும் கைகாலைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து மணலில் உட்காருகிறவர்கள்; "தீப்பெட்டி ஆபீஸ்" பசையின் புளிப்பும் பட்டாசுக் கம்பெனியின் மருந்து நெடியும் சேலையிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு வந்து கொட்டகை முழுக்க நிற்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் "பட்டாளத்துப் படம்" என்றால் கூட்டம் அள்ளும். காரணம் தேசபக்தி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வெடிமருந்தோடு புழங்குகிறவர்களுக்கு அடுத்தவன் வெடிப்பதைக் குறை சொல்லிப் பார்ப்பதில் இருக்கிற சுகமே தனி. பாலம் ஒன்று தகர்ந்து விழும், கதாநாயகன் பிழைத்தானா என்று பார்க்காமல் "புகை வெள்ளையாப் போகுது பாரு, மருந்துல ஈரம்" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார், "திரிய இம்புட்டு நீளமா வச்சா எவம்லே சாவான்?" என்று இன்னொருவர் கேட்பார், கொட்டகையே சிரிக்கும். அந்தப் படங்களில் குண்டு வெடித்தால் எதிரி சாவான், நம் ஆள் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். பகலெல்லாம் மருந்துக்குப் பயந்து மூச்சை அடக்கி வேலை பார்க்கிற சனங்களுக்கு அதைவிட நல்ல பொய் வேறு என்ன வேண்டும்?

சீனச் சண்டை முடிந்த பிறகு வேறு மாதிரி ஒரு படம் வந்தது. அதன் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. யுத்தம் கூடாது என்று சொல்லும் படம். பட்டாளத்துக்குப் போனவன் வலது கையை இழந்து ஊர் திரும்புகிறான், சோற்றை இடது கையால் அள்ளத் தெரியாமல் சிந்துகிறான், கட்டிக்க இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவுதான் கதை. சண்டைக் காட்சி ஒன்றே ஒன்று. அதிலும் எடுத்தவர் ஏதோ யோசித்து வெடிச் சத்தத்தை அடக்கி வாசித்திருந்தார். முதல் நாள் வந்த கூட்டம் இடைவேளையிலேயே எழுந்து போனது. "பகல்ல பாக்குறதையே பொழுதடஞ்சும் பாக்கணுமாக்கும்?" என்று எங்கள் தெரு வேலாத்தா மதினி மணலை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் புருசனுக்கு ஒரு கையில் விரல்கள் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கல் நெஞ்சு என்பதால் அந்தப் படம் விழவில்லை. படம் சொன்ன சேதி அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருந்தது.

என் அம்மா மட்டும் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள், என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் படம் முக்கியமில்லை. படத்துக்கு முன்னால் ஓட்டுகிற சர்க்கார் நியூஸ்ரீலில், பனிமலை ஒன்றில் சிப்பாய்கள் முதுகில் மூட்டையோடு வரிசையாக ஏறிப் போவார்கள். எல்லோருக்கும் காது வரை கம்பளி, முதுகுதான் தெரியும். அதில் ஓரமாகப் போகிற ஒருவன் இடது தோளைச் சற்றே இறக்கி நடப்பான். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி மூடை சுமந்து சுமந்து என் அண்ணன் முத்தையாவுக்குத் தோள் அப்படித்தான் இறங்கியிருந்தது.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். அதற்குள் சண்டை வந்துவிட்டது. சண்டை முடிந்தும் அவன் இருக்கிறான் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மாவுக்கு உலகத்தில் பிடிமானம் என்று இருந்தது அவன்தான். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. "நடக்கான்ல? நடந்தா உசுரோட இருக்கான்னுதான அர்த்தம்?" என்று வழியெல்லாம் என்னிடம் கேட்பாள். அந்த ரீல் எப்போது எடுத்ததோ, சண்டைக்கு முன்னா பின்னா என்று கேட்கிற வயது எனக்கு இல்லை. கேட்கிற தைரியம் அக்கம்பக்கத்தில் யாருக்கும் இல்லை.

கொட்டகை மேனேஜர் பாவம், நல்ல மனுசன். "தரையில ஆளே இல்லையே ஆத்தா, பெட்டியை அனுப்பிரப் போறேன்" என்றார். அந்த நியூஸ்ரீலை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். "அது படப்பெட்டியோட வந்தது, பெட்டியோடதான் போகணும்" என்று கைவிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா ஆள் பிடிக்கத் தொடங்கினாள். குச்சி அடுக்குகிற இடத்தில், குழாயடியில், கடையில் என்று பார்த்தவர்களை எல்லாம் "எனக்காக ஒரு தடவ வாங்க" என்று கூப்பிட்டாள். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காதவள், படம் பார்க்க வரச் சொல்லி வீடு வீடாக நின்றாள். இரக்கப்பட்டுச் சிலர் வந்தார்கள். கை போன காட்சி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள்.

அம்மாவின் தம்பி கருப்பசாமி மாமாதான் வழி சொன்னார். அவர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். "சத்தம் இல்லக்கா, அதான் கூட்டம் இல்ல. சத்தத்த நான் குடுக்கேன்" என்றார். சண்டைக் காட்சி வரும்போது திரைக்குப் பின்னால் பொட்டலில் அணுகுண்டுப் பட்டாசுகளை வைத்து வெடிப்பது என்று ஏற்பாடு. மேனேஜரும் சரி என்றார். "நிசக் குண்டுச் சத்தத்துடன்" என்று வண்டி கட்டி, கொட்டு அடித்து, சிவப்பு நோட்டீசைத் தெருவெல்லாம் வீசினார்கள். அன்றைக்குத் தரையில் உட்கார இடமில்லை. நியூஸ்ரீல் ஓடியபோது அம்மா எழுந்து நின்று "அந்தா, அந்தா ஓரத்துல போறான்" என்று கையை நீட்டினாள். பெண்கள் பக்கம் முழுக்க "முத்தையா! ஏ முத்தையா!" என்று கத்தியது. அம்மா அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சண்டைக் காட்சி வந்தது. மாமா பற்ற வைத்தார். கொட்டகை அதிர்ந்தது, ஒரே விசில், ஒரே கும்மாளம். நாங்கள் எவருமே நினைத்துப் பார்க்காதது ஒன்று இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அது சினிமாவுக்கான சத்தம். நோட்டீசைப் பார்க்காமல் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும், கம்பெனியில் மிச்ச வேலையில் இருந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அது அப்படியா இருக்கும்? எங்கள் பக்கம் நேரம்கெட்ட நேரத்தில் வெடித்தால் என்ன ஏது என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை, ஓடுவார்கள். "எந்தக் கம்பெனி? ஏலே, எந்தக் கம்பெனி?" என்று ரோட்டில் அலறல் கேட்டது. அந்த அலறலைக் கேட்ட மாத்திரத்தில், உள்ளே விசிலடித்துக்கொண்டிருந்தவர்களும், நம் வெடியோடு சேர்ந்து எங்கேயோ நிசமாகவே வெடித்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள். வேலாத்தா மதினி தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டு தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மணலில் செருப்புகளும் கடலைப் பொட்டலங்களும்தான் கிடந்தன.

அம்மா எழுந்திருக்கவில்லை. எங்கே வெடித்தாலும் அவளுக்கு ஓடிப்போய்த் தேட அங்கே ஆள் இல்லை. ஆபரேட்டரும் ஓடிவிட்டதால் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை போனவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், அவனைப் பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அத்தனை நாளும் நியூஸ்ரீல் முடிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற அம்மா, அன்றுதான் அந்தப் படத்தை முழித்துப் பார்த்தாள்.

"எதுக்குடி அழுறா இவ?" என்று என்னைக் கேட்டாள். "புள்ள வீடு வந்து சேந்துட்டானே. கை இல்லாட்டி என்ன, ஊட்டிவிட மாட்டாளாமா?" என்று சொல்லிவிட்டு, யாருமில்லாத கொட்டகையில் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

யுத்தம் எவ்வளவு கொடியது என்று காட்ட எடுத்த படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஊர் திரும்பி வந்து மாமாவை அடிக்கப் பாய்ந்தது, கொட்டகையைக் கொளுத்துவோம் என்றது. விடிந்ததும் மேனேஜர் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்மா பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். மேலே ஏற்றிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "மெதுவா வைங்கய்யா, எம்புள்ள இருக்கான்" என்றாள். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் கொடுத்துவிட்டார். அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகும் எந்தச் சேதியும் வரவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்து, அம்மாவும் ஒரு நாள் போய்விட்டாள்.

கொட்டகை இருந்த பொட்டலில் இப்போது வரிசையாகப் பட்டாசுக் கடைகள். பட்டாளத்துப் படங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன, காது கிழிகிற சத்தத்தோடு நன்றாகவே ஓடுகின்றன. போன மாதம் என் பேத்தி தன் போனில் அந்தக் காலத்துச் செய்திப் படங்களைத் தேடித் தேடி எனக்குப் போட்டுக் காட்டினாள். பனிமலை ஏறுகிற சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள், எல்லோருக்கும் காது வரை கம்பளி, எல்லோர் முதுகிலும் மூட்டை. "இதுல யாரு ஆச்சி உங்க அண்ணன்?" என்று கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவனைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை.