வெளியே பார்த்த சின்னக் கால்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மே மாத லீவில் பிளாக்கில் இருக்கிற வாண்டுகளையெல்லாம் என் வீட்டு ஹாலில் சேர்த்துக்கொண்டு பெயின்டிங் சொல்லிக்கொடுத்தேன். பெயின்ட் யார் வாங்குவது? பீட்ரூட் வேகவைத்த தண்ணீரும் கரைத்த மஞ்சளும் போதும். வெண்டைக்காயின் தலைப்பக்கத்தை நறுக்கித் தோய்த்து வைத்தால் பூ. தேய்ந்த டூத்பிரஷ், பாட்டில் மூடி, கிழிந்த மெத்தையின் ஸ்பாஞ்ச் எதையும் தூக்கிப்போட விடமாட்டேன். குப்பைத்தொட்டிக்கே வேலை இல்லாமல் பண்ணிவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

வாண்டுகளுக்கு ரொம்பப் பிடித்தது கால் அச்சுதான். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் போடுவோமே, அதேதான். முஷ்டியின் ஓரத்தைத் தோய்த்து வைத்து, மேலே ஐந்து பொட்டு. ஈரத்தை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து போடச் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் காலை எதிர்வீட்டில் ஓர் அலறல். என் நாலு வயது மகள் அங்கேதான் விளையாடப் போயிருந்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போய், இது இரண்டாவது. குளித்துவிட்டு வந்தவள் ஈரத்தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் ரத்தச் சிவப்பில் சின்னச் சின்னக் கால்கள். ஹால் நடுவிலிருந்து வாசற்படி வரைக்கும், விரல்களெல்லாம் வெளியே பார்த்தபடி.

கிருஷ்ணரின் கால் என்றால் வீட்டுக்குள்ளேதான் வரவேண்டும். வெளியே போகலாமா? அதுவும் அந்த வீட்டில்! மூலையில் பீட்ரூட் தண்ணீர்க் கொட்டாங்குச்சியோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா இது? புள்ளத்தாச்சி வூட்ல போயி இப்டியா?” என்றார் அவள் மாமியார்.

வாசலில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்தால் விரல் வெளியேதான் பார்க்கும், குழந்தைக்குத் திசை என்ன தெரியும் என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். யார் காதிலும் விழவில்லை. மாமியார் துடைக்கத் துணி தேடி ஓடினார். வந்த ஆத்திரத்தில் நான் மகளை அடிக்கக் கை ஓங்கினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“யாரு காலுடி இது? எங்க போவுது?” என்று மகளிடம் கேட்டாள்.

“என் காலு. வெளயாடிட்டு எங்க வூட்டுக்குப் போறேன்.”

“அப்ப பாப்பா காலு எங்க?”

என் மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பாப்பாதான் இன்னும் வரலியே, ஆன்ட்டி.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, என் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முதல் பிள்ளை போனபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.