இருவாச்சிக் கொம்புச் சிமிழ்

மலேசியாவில் வேலை பார்க்கும் என் பேத்தி சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். அங்கே மழைக்காட்டில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்ட ஓர் இருவாச்சிப் பறவை இனத்தைக் காப்பாற்ற நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போடுகிறார்களாம். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"கூடு இருக்குற மரத்தையெல்லாம் எண்ணப் போறோம் ஐயா."

எண்ணினால் போதுமா, காவலுக்கு ஆள் உண்டா, அந்த ஆள் தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். "பேசாம நீங்களே வந்து எண்ணிருங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பறவையின் ஒரு துண்டு காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. என் அக்காளுக்கு, எங்கள் வழக்கில் ஆச்சிக்கு, கல்யாணம். மாப்பிள்ளைக்கு மலாயாவில் வேலை. தையில் கல்யாணம், மாசியில் கப்பல். போனால் திரும்ப மூன்று வருடம். பெண்டாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் அந்நாளில் குறைவு.

அம்மாவின் தம்பியான அம்மான் அங்கிருந்து கல்யாணச் சீராக ஒரு குங்குமச் சிமிழ் கொண்டுவந்தார். வெளியே சிவப்பு, உள்ளே தேன் நிறம். தந்தமில்லை, இருவாச்சியின் தலைக்கொம்பில் கடைந்தது என்றார். அந்தப் பறவை போலவே கூவியும் காட்டினார். விட்டு விட்டு ஒரு கூ, இன்னொரு கூ, போகப்போக வேகம் பிடித்துக் கடைசியில் ஒரு பேய்ச்சிரிப்பு.

"பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிரும். சின்னச் சந்து வழியா ஆண்தான் பழம் கொண்டாந்து ஊட்டும். அது வந்து போறதைப் பாத்துத்தான் வேட்டைக்காரன் குறிவைப்பான்."

நாங்கள் திரும்பக் கூவச் சொன்னோம். ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சீர்ச்சாமான் முழுவதையும் வீட்டு நடுமுற்றமான வளவில் பரப்பி வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் வந்து பார்ப்பது வழக்கம். எதைக் கண்டாலும் எண்ணுகிறவன் என்று என்னைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு முறை எண்ணினேன்.

"ஒண்ணு குறையுது! சிமிழைக் காணோம்!"

அம்மாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அத்தை, "என்ன, எங்க மடியையும் தட்டிப் பாக்குறீகளா?" என்று முந்தானையை உதறினார். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

ஆச்சி அறையிலிருந்து வெளியே வந்தாள். சிமிழ் அவள் கையில் இருந்தது.

"நாந்தான் எடுத்து வச்சேன். இது எனக்கு வேணாம் அம்மான்."

"ஏன் ஆத்தா? ஊருல யாருக்கும் கிடைக்காத சாமான்ல இது!"

"ஆணைச் சுட்டுட்டாக. பொந்துக்குள்ள இருந்தவளுக்கு அப்பறம் யாரு கொண்டாந்து குடுத்தா?"

சற்றுமுன் சீறிய அத்தைதான் சிமிழை வாங்கி அவரிடம் நீட்டினார். "பொண்ணு வேணாங்குதுல்ல, கொண்டுபோங்க." பிறகு ஆச்சியின் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த அத்தையின் வீட்டுக்காரரும் வருடக்கணக்காகக் கடலுக்கு அப்பால்தான் இருந்தார். அம்மான் அதற்குப் பிறகு எங்களுக்குக் கூவிக் காட்டவே இல்லை.

பேத்தியின் திட்டத்தில் மரங்களை எண்ணியதும் அடுத்த வேலை இதுதானாம். பொந்துள்ள மரங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களையே காவல் வைப்பது. ஆண் வராவிட்டால் உள்ளே தாயும் போய்விடும், குஞ்சும் போய்விடும். மூன்று உயிர் போன சிமிழை அன்று நான் ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன்.

சிமிழைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை ஆச்சி தனியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தேற்றினேன்.

"எதுக்கு அழுகுற? அவுக வீட்டுல சோத்துக்கா பஞ்சம்? நாம போனப்ப ஏழு அடுப்பு எரிஞ்சுச்சு. நான் எண்ணினேன்."

ஆச்சி என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சரியான கணக்கைச் சொன்னதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.