எட்டுத் தூணுக்கு ஒன்பது குழி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வந்து, ஜீவானந்தத்தின், அதாவது என்னுடைய ஆட்டுக் கொட்டகை எது என்று கேட்டால் காட்டுவார்கள். எட்டுத் தூண்கள் தகரக் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஆறாம் தூணுக்குப் பக்கத்தில் ஒன்பதாவதாக ஒரு கம்பம் தனியாக நிற்கும். அது எதையும் தாங்கவில்லை. வருடத்துக்கு வருடம் குட்டையாகிக்கொண்டே வருகிறது.

2022 டிசம்பர். பெங்களூரில் பத்து வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு நானும் என் மனைவி கோகிலவாணியும் மலைக்கே திரும்பியிருந்தோம். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி அலுத்துவிட்டது. இருக்கிற இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தால் போதும் என்றுதான் வந்தோம். எனக்கு அவளை விட்டால் ஆளில்லை, அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் ஆடு வளர்ப்பதாகத் திட்டம். அதற்குக் கொட்டகை வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க எனக்கு மனமில்லை. சைட்டில் பத்து வருடம் வேலை பார்த்தவனுக்கு எட்டுக் கம்பம் நடத் தெரியாதா என்ன?

எங்கள் மலையில் கொட்டகை போடுகிறவர்கள் ஒரு குழி வெட்டுவார்கள். உடனே அதில் கம்பத்தை நட்டு மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகுதான் அடுத்த குழி. கம்பம் வரத் தாமதமானால் குழிக்குள் ஒரு கல்லையாவது முள்ளையாவது போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பிணத்துக்கு வெட்டுகிற குழி மட்டும்தான் ஆளுக்காகக் காத்திருக்கும், மற்ற எந்தக் குழியையும் காக்க வைக்கக் கூடாது என்பது இங்கே பழக்கம். அதனால்தான் உங்கள் கொட்டகையெல்லாம் கோணலாக நிற்கிறது என்று நான் எல்லோரையும் கிண்டல் செய்வேன். நான் சைட் முறைப்படி எட்டுக் குழியையும் மொத்தமாக வெட்டினேன். முன்வரிசையில் நான்கு, பின்வரிசையில் நான்கு. ஒவ்வொன்றும் நான்கடி ஆழம், இரண்டடி அகலம். நூல் கட்டிப் பார்த்தால் ஒரு விரல்கூடப் பிசகவில்லை. பெருமையாக இருந்தது.

பக்கத்து நிலம் என் பங்காளி கோபால்சாமியுடையது. முறைக்கு எனக்குப் பெரியப்பா. இரண்டு நிலத்துக்கும் நடுவே உள்ள புளியமரம் யாருக்கு என்று அவருக்கும் எனக்கும் வந்த நாளிலிருந்து சண்டை. எல்லைக் கல்லை நான் நகர்த்திவிட்டேன் என்று அவர் சொல்வார். அவர்தான் நகர்த்தினார் என்று நான் சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் குழியை முடித்துவிட்டு நான் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"டேய், எட்டையும் வெறுமனே வுட்டுட்டா போற? குழிக்கொரு கல்ல போடு."

"உன் நெலத்துல வெட்டலையே பெரிப்பா. உன் வேலையப் பாரு."

"போடலன்னா போ. எனக்கின்னா." காறித் துப்பிவிட்டுப் போனார்.

கம்பம் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலை ரோட்டில் மண் சரிந்து, வண்டி ஒடுகத்தூரிலேயே நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, அடி, அங்குலக் கணக்கில் கோடு போட்ட மூங்கில் கழியைக் குழிகளில் விட்டு அளந்தேன். ஏழு குழியும் நான்கடி. பின்வரிசையில் ஆறாவது குழி மட்டும் நான்கடி மூன்று அங்குலம். நான்தான் கூட வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அதே குழி நான்கடி எட்டு அங்குலம்.

வெட்டிய மண் வெளியே எங்கும் இல்லை. அடியில் கடப்பாரைத் தடமும் இல்லை. விரலை விட்டு வழித்தெடுத்த மாதிரி கோடு கோடாக இருந்தது. கிழவன் நம்மைப் பயமுறுத்திப் பார்க்கிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அன்று சாயங்காலம் குழியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாம்பல் போட்டது போட்டபடி இருந்தது. ஒரு காலடி இல்லை. குழி ஐந்தடி ஒரு அங்குலம்.

கழியை வெளியே எடுத்து நிறுத்தினேன். கோகிலா பக்கத்தில் நின்றிருந்தாள். கழியில் குழி வாய் மட்டத்துக்கு ஈர மண் ஒட்டிய இடம் சரியாக அவள் உச்சந்தலை மட்டத்தில் இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க... இது என் ஒயரங்க."

"அப்ப உனக்குத்தான் அளவெடுக்குது போல" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வெளாட்டுக்குக்கூட அப்டி சொல்லாதீங்க. கல்ல போட்டு மூடுங்க."

நான் போடவில்லை. போட்டால் கிழவனிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும். எனக்கு எப்போதும் இந்த வீம்புதான். புதன்கிழமை காலையும் அளந்தேன். அதே ஐந்தடி ஒரு அங்குலம். அதற்குமேல் ஆழம் கூடவில்லை. அளவு சரியாக வந்துவிட்ட மாதிரி நின்றுவிட்டது. இன்றைக்குக் கிழவனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

புதன், டிசம்பர் 14. மாலை 5.50.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சாக்கை விரித்து, ஆறாம் குழிக்கு நேர் எதிரே முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டாம் குழி. முன்னால் ஆறாம் குழி. கையில் கழி.

6.25. சத்தம் வந்தது.

சரக்... நின்றது. சரக்... நின்றது.

ஆறாம் குழிக்குள்ளிருந்துதான். மண்ணை வழிக்கிற சத்தம். ஆனால் சத்தம் இரண்டாகக் கேட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மலைதானே, எதிரொலி என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் கோபால்சாமி வீட்டு வாசலில் இருமல் கேட்டது. அவர் நாயைத் திட்டுகிற சத்தமும் கேட்டது. வாசல் விளக்கடியில் அவர் நிற்பது பனிக்குள்ளும் தெரிந்தது.

அவர் அங்கே நிற்கிறார். அப்படியானால் இங்கே யார்?

6.31. எழுந்து போய்க் கழியைக் குழிக்குள் விட்டேன். இறங்கியது. அடியைத் தொட்டது. இழுத்தேன்.

வரவில்லை.

மறுபடி இழுத்தேன். வரவில்லை. கல்லில் சிக்கினால் கழி ஆடும். இது ஆடவில்லை... பிடித்திருந்தது. நான் கையை எடுத்தேன். கழி தானாக ஒரு சாண் கீழே இறங்கியது.

ஓடி வந்து சாக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

6.38. பாதையில் டார்ச் வெளிச்சம்.

"ஏங்க! டீ ஆறிப் பூடும், வாங்க!"

கோகிலா.

"வராத! அங்கயே நில்லு!"

"இன்னாங்க? காதுல வுழல..."

சத்தம் நின்றுவிட்டது. அவள் குரல் கேட்டதும் நின்றுவிட்டது.

அவள் குழியிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் காலடி மண் மட்டும் சரிந்தது.

ஒரு கத்தல்கூட இல்லை. ஆள் இல்லை.

ஓடினேன். விழுந்தேன். தவழ்ந்து போனேன். குழிக்குள் நின்றிருந்தாள். அவள் உச்சந்தலை தரைமட்டத்துக்குச் சரியாக இருந்தது. டார்ச் அவள் காலடியில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. யாரோ உள்ளங்கையை வைத்து மூடி மூடித் திறக்கிறார்கள்...

"கோகிலா! கையக் குடு!"

கைகளைத் தூக்கினாள். பிடித்தேன்.

"கால்ல... ஏங்க... கால்ல கை இருக்கு."

இழுத்தேன். நான் ஒரு பங்கு இழுத்தால் கீழே இரண்டு பங்கு இழுத்தது.

கத்தினேன். யார் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. கோபால்சாமி பெயரைத்தான் என்று பிறகு அவர் சொன்னார்.

6.46. மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் எங்கள் எல்லைக் கல். எந்தக் கல்லுக்காக நான் வந்த நாளிலிருந்து என்னோடு சண்டை போட்டாரோ, அதையே வரும் வழியில் பிடுங்கித் தூக்கி வந்திருந்தார்.

"காலியா தூக்காதடா! அவ வரணும்னா பதிலுக்கு ஒண்ணு போவணும்! நான் சொல்றப்ப இழு!"

கல்லைக் குழி ஓரமாக வைத்து உருட்டினார்.

"இழு!"

கல் விழுந்தது. அவள் வந்தாள்.

கல் அடியில் மோதிய சத்தம் வரவே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக எட்டுக் குழியிலும் கல் போடப் போனேன். கோபால்சாமியும் கேட்காமலே வந்து நின்றார். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. வேறொரு கழியை எடுத்து அளந்தேன். ஒன்று, நான்கடி. மூன்று, நான்கடி. நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, எல்லாம் நான்கடி.

இரண்டாம் குழி ஐந்தடி ஏழு அங்குலம்.

அது என் உயரம். முந்தின நாள் நாற்பது நிமிடம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரொலி என்று நினைத்தேனே, அது எதிரொலி இல்லை.

"இந்த எடத்துல முன்னாடி இன்னா இருந்துச்சி பெரிப்பா?" என்று கேட்டேன்.

"எங்க வெட்டுனாலும் இதாண்டா இருக்கும்" என்றார்.

எட்டிலும் கல்லைப் போட்டு முடித்தபோது இன்னொன்றும் பார்த்தேன். ஆறாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சின்னதாக ஒரு குழி இருந்தது. நான் வெட்டியதில்லை. கழியை விட்டேன். இருபது அங்குலம். எலிப் பொந்து என்று நினைத்து, காலால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன்.

"அதுல இன்னாடா போட்ட?" என்றார் கோபால்சாமி.

"எலிப் பொந்துக்கு எதுக்குப் போடணும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கம்பம் வந்தது. கொட்டகை எழும்பியது. புளியமரம் உனக்கே என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஜனவரியில் கோகிலாவுக்கு வாந்தி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாள் கணக்குப் பார்த்துச் சொன்னபோது நாங்கள் இருவரும் அங்கேயே அழுதுவிட்டோம். ஏழு வருடம் காத்திருந்தது, குழியில் விழுந்த அந்தப் புதன்கிழமை சாயங்காலமே அவள் வயிற்றில் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியாது.

2023 ஆகஸ்டில் பெண் குழந்தை. அமுதவல்லி என்று பெயர் வைத்தோம். பிறந்ததும் எடை போட்டு, நாடாவை வைத்து அளந்து, நர்ஸ் சத்தமாகச் சொன்னார்.

"நல்ல நீட்டுக் கொழந்தைங்க. இருவது இஞ்ச்."

நான் அங்கே நிற்கவில்லை. ஜீப் பிடித்து மலைக்கு வந்து நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். ஆறாம் தூணுக்குப் பக்கத்தில் நான் மிதித்து மூடிய மண் இல்லை. சின்னக் குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த கம்பத்தை அதற்குள் இறக்கினேன். தரைமட்டத்தில் கரியால் ஒரு கோடு போட்டேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கோடு மண்ணுக்குள் போயிருந்தது.

அமுதவல்லிக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். நன்றாக இருக்கிறாள். ஓடுகிறாள், ஆட்டுக்குட்டிகளை விரட்டுகிறாள். நேற்று காலை அவளைக் கதவோரம் நிறுத்தி அளந்தேன். இரண்டடி பத்து அங்குலம். பிறகு கொட்டகைக்குப் போய்க் கம்பத்தில் வெளியே தெரிகிற பாகத்தை அளந்து கழித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் இருப்பது இரண்டடி பத்து அங்குலம்.

பிடுங்கிவிட்டு நீளமான கம்பமாக நடலாமே என்று கோகிலா கேட்கிறாள். பிடுங்குகிற அந்த நொடியில் குழி காலியாக இருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு அவசரத்தில் நான் நட்டது மொத்தமே நான்கடிக் கம்பம்.