ஈக்கில் கிட்டார்

முந்தாநாள் மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசம் வந்ததும் கையிலிருந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். "என்ன மாமா, ஒங்களுக்கும் போட்டு விடட்டா?" என்றாள். அவளுக்கு அது நகப்பாலிஷ். எனக்குப் பெயின்ட் கரைக்கிற தின்னர். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ மணத்தால் கல்யாண நாள் நினைவுக்கு வருமாம். எனக்குத் தின்னர் மணத்தால்தான் வரும். கல்யாணத்தன்று லீலா என் கையைப் பிடித்ததும் முதல் காரியமாகத் தும்மினாள்.

மருமகளின் மோதிர விரலில் பாலிஷ் ஓரம் தாண்டிப் போயிருந்தது. அதைச் சொல்லாமல் வர என்னால் முடியவில்லை. கோடு என்றால் நான்தான். பஸ்ஸின் முன்வாசலில் பிரஷை வைத்து, நடுவில் எடுக்காமல், பின்வாசல் வரை ஒரே இழுப்பாகக் கொண்டுபோய் இறக்குகிறவன் இந்த ஜில்லாவில் வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், சாயா வாங்கித் தருகிறேன். பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வராது, வரைய வரும். நான் எழுதிய போர்டுகளைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பல பேர் இங்கிலீஷ் படித்தார்கள் என்று சொல்வதுண்டு. நான் அதைச் சொல்ல ஆரம்பித்தாலே லீலாவுக்கு அடுக்களையில் ஏதோ வேலை வந்துவிடும்.

அந்தக் கோட்டைப் படித்தது வடசேரிக்குப் பக்கத்தில், பொன்னையா மேஸ்திரியின் பஸ் பட்டறையில். மேஸ்திரி பெரிய கைக்காரர். பஸ்ஸின் பின்பக்கம் அவர் வரைகிற மயிலுக்கு ஆட்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஆனால் படம் வரைகிற பிரஷை என் கையில் தரவே மாட்டார். "ஒனக்குக் கோடுதான் வரும், அதப் போடு." வருஷக்கணக்காக இதே பேச்சு. ஒரு நாள் பொறுக்காமல், தனியாகக் கடை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டறையே சிரித்தது. மேஸ்திரி சொன்னார்:

"போ மக்கா, போ. ஒத்தக் கோட்ட வச்சு நீ கட நடத்தத நானும் பாக்கேன். அடுத்த மாசம் இஞ்சதான் வந்து உப்புத்தாள் தேய்ப்ப."

கடை போட்டேன். போர்டு ரொம்ப அழகாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் வரவில்லை. உப்புத்தாளைக் கனவில் தேய்க்க ஆரம்பித்திருந்த நாளில்தான் செல்வின் வந்தான். மஸ்கட்டில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்துச் சர்ச்சில் திருவிழாக் கச்சேரிக்கு அவன்தான் கிட்டார். புதிதாக வாங்கி வந்த எலெக்ட்ரிக் கிட்டார், பால்போல வெள்ளை. "இத எல்லாவனும் வச்சிருக்கான். எனக்குத் தனியா ஒண்ணு வரைஞ்சு தரணும். என்னன்னு அங்க போயி யோசிச்சுச் சொல்லுகேன்" என்று என் மடியில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

நான் அதுவரை தொட்ட கிட்டார் ஒன்றுகூடக் கிடையாது. கம்பிகளைக் கழற்றி, கழுத்தைத் திருகி எடுத்து, தட்டைத் திறந்தால் உள்ளே ரேடியோ மாதிரி வயர். "கேட்டியளா, திரும்ப மாட்டத் தெரியுமா?" என்றாள் லீலா. "கழட்டினவனுக்கு மாட்டத் தெரியாதாட்டி?" என்றேன். தெரியவில்லைதான். கடைசியில் ரேடியோக்கடைக்காரர் வந்து பற்றவைத்துத் தந்தார். அது வேறு கதை.

செல்வினின் போன் பக்கத்து பூத்துக்கு வந்தது. அந்தக் காலத்து மஸ்கட் போன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடலுக்கு அடியில் யாரோ வடை சுடுகிற மாதிரி ஒரு இரைச்சல்.

"அண்ணே, ஈக்கில் வேணும்!"

"ஈக்கிலா?"

"ஆமாண்ணே, ஈக்கில்தான்! முன்னாடி பூரா நல்ல விரிஞ்சு நிக்கணும். தங்கக் கலரு. நுனியெல்லாம் கூர்மையா இருக்கணும், கேட்டியளா? பாத்த ஒடனே ஆளு பயந்துரணும்!"

போன் அறுந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தென்னோலையைக் கிழித்தால் நடுவில் நிற்கிற நரம்புதான் ஈக்கில். விரிந்து நிற்கும், நுனி கூர்மை, காய்ந்தால் தங்க நிறம். பயமும் சரிதான். ஈக்கிலைக் கட்டித் துடைப்பமாக்கினால் அதுதான் வாரியல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் பெண்கள் முற்றத்தில் இறங்கினால் பயப்படாத ஆண்பிள்ளை நம் ஊரில் யார்? மஸ்கட் மணலில் கிடக்கிறவனுக்கு வீட்டுத் தென்னை ஞாபகம் வந்திருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கண்கூட நிறைந்தது.

வெள்ளையைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கறுப்பு ஏற்றினேன், நல்ல மழைக்கறுப்பு. வார் மாட்டுகிற அடி முனையில் எல்லா ஈக்கிலையும் ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி தொடங்கி, கழுத்துப் பக்கம் விசிறியாக விரித்தேன். தங்கப்பொடியை வார்னிஷில் குழைத்து, அணில்வால் மயிர் பிரஷில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அடியில் தடிமன், போகப்போக மெலிவு, நுனியில் ஊசி. பஸ் பட்டறையில் வருஷக்கணக்காக இழுத்த கோடெல்லாம் இதற்குத்தான் என்று தோன்றியது. கம்பிகளை மாட்டிப் பார்த்தபோது எது கம்பி, எது ஈக்கில் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடுகிற காற்று ஊர் மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஈர வார்னிஷில்தான் ஒட்டும். அதனால் கொசுவலைக்குள் தொங்கவிட்டேன். பார்க்கிறவர்கள் உள்ளே பிள்ளை கிடக்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். லீலாவும், "பைய பேசுங்க, இப்பத்தான் ஒறங்குச்சு" என்பாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் செல்வின் வந்தான். நான் வலையை விலக்கினேன். அவன் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் கிட்டாரை.

"இது என்னண்ணே?"

"நீ சொன்னதுதான். ஈக்கில்."

"நான் ஈகிளுல்லா சொன்னேன்!"

"நானும் அதத்தானடே சொல்லுகேன், ஈக்கில்!"

"ஐயோ அண்ணே, ஈகிள்! ஈகிள்!" என்று இரண்டு கையையும் விரித்துக் கடைக்குள் ஒரு சுற்றுப் பறந்தான். விரல்களை வளைத்துக் காட்டினான். மூக்கை வளைத்துக் காட்டினான். "கழுகு! வானத்துல பறக்குமே, அந்தக் கழுகு!"

அவன் கேட்டது ஒன்று, எனக்குக் கேட்டது ஒன்று. லீலா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"ஊரு பூரா பாக்க மேடையில நான் வாரியலத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்று செல்வின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அழித்து வரைய நாளில்லை, வார்னிஷ் காயாது. எனக்கோ வேறு கணக்கு. அதே சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் பொன்னையா மேஸ்திரி. செல்வின் மேடையில் அவமானப்பட்டால், திங்கட்கிழமை காலையில் என் கையில் உப்புத்தாள்.

மறுநாள் சாயந்திரம் ஆண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். மேடையில் டியூப்லைட் வரிசை. செல்வின் உடம்பை ஒருக்களித்து, கிட்டாரைச் சட்டைக்குள் ஒளிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான். ஆனால் வாசிக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஒருக்களிக்க முடியும்? ரெண்டாவது பாட்டு சூடு பிடித்ததும் தன்னை மறந்து திரும்பிவிட்டான். வெளிச்சம் அடித்தது. அவன் கை மேலும் கீழும் போகப்போக, ஆறு கம்பியை இல்லை, அந்தத் தங்க விசிறி முழுவதையும் மீட்டுகிற மாதிரி இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, அது ஈக்கிலுல்லா!"

"ஆமாட்டி! எனக்க வீட்டு வாரியலு இவ்வளவு சீராயிட்டு இருக்காது."

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவிப் பின்வரிசைக்கு வந்தது. செல்வின் முகம் சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, மேடையைக் கூட்டுகிற மாதிரி ரெண்டு இழுப்பு இழுத்தான் பாருங்கள். அவ்வளவுதான், கூரை பறந்துவிட்டது. "ஈக்கிலு, இன்னொரு பாட்டு! ஈக்கிலு, இன்னொரு பாட்டு!" போதகர் கையைக் காட்டியும் ஒருவரும் அடங்கவில்லை. அன்றைக்கு அந்த பேண்டுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. மறுநாள் முதல் அது ஈக்கில் பேண்டு.

வெளியே வந்தபோது மேஸ்திரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"லேய், அந்தக் கோடு எவன் படிச்சுத் தந்ததுன்னு ஆளுககிட்ட சொன்னியா?"

"நீங்கதான் மேஸ்திரி."

"ம். அப்ப செரி." ரெண்டு எட்டுப் போய்த் திரும்பினார். "செல்வின் இப்பத்தான் சொன்னான். நல்ல காலம், நீ கழுகு வரையல."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு என் கைக்குப் பறவை வராது. காது ஒழுங்காகக் கேட்டிருந்தால் நான் ஒரு கழுகு வரைந்திருப்பேன், அது அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்கும், நானும் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகு கிட்டார் மேல் கிட்டாராக வந்தது. பழகிப்பழகிக் கழுகும் வசமாயிற்று. இப்போது நான் வரைகிற கழுகைக் கண்டால் கோழிக்குஞ்சு ஓடி ஒளியும். அடுத்த லீவில் செல்வினிடம், "கொண்டா மக்கா, நீ கேட்ட கழுக வரைஞ்சு தாரேன்" என்றேன். அவன் கிட்டாரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தொட்டியள்னா தெரியும்" என்றான்.

இன்றைக்கும் வேலைக்குக் குறைவில்லை. பெங்களூரிலிருந்தெல்லாம் கிட்டார் பெட்டியில் வருகிறது. படம் போனிலேயே வந்துவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்த்து அப்படியே வரைகிறேன். அவர்களும் வைத்து ஒத்துப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு வாங்கிப் போகிறார்கள். ஒருவரும் கடைக்குள் கையை விரித்துப் பறப்பதில்லை. இப்போது எல்லோருக்கும் கேட்டது கேட்டபடியே கிடைத்துவிடுகிறது. பாவம்.